வீட்டுக் கடனை மாற்றி மீதப்படும் பணம்: அதைக் குடும்பம் என்ன செய்யப்போகிறது?

வட்டி வீதம் உயரும்போது அதைப்பற்றிப் பேசாதவர் இல்லை. அது இறங்கும்போது பேசுவோர் மிகக் குறைவு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வீட்டுக் கடன் தவணை ஒரேயடியாக உயர்ந்தபோது நடுத்தர வருமானமுடைய குடும்பங்கள் பட்ட அவதியை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் 2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து வட்டி வீதங்கள் படிப்படியாக இறங்கத் தொடங்கிய பின்னர், பழைய உயர் வட்டியிலேயே தொடர்ந்து தவணை செலுத்தி வந்தோர் எத்தனை பேர், வங்கியை நாடித் தம் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொண்டோர் எத்தனை பேர், மாற்றியதனால் மாதந்தோறும் மீதமான பணத்தை அவர்கள் என்ன செய்தனர் என்பன பற்றி எமது சமூகத்தில் போதிய கலந்துரையாடல் நடைபெறவில்லை என்றே கூறவேண்டும். இக்கட்டுரையில் அவ்விடயத்தை ஓரளவு விரிவாக நோக்க விரும்புகின்றோம்.

ஈடும் ஒற்றியும் அடகும்

ஆதனத்தைப் பிணையாக வைத்துக் கடன் பெறுவது எமக்குப் புதியதன்று. காணியையோ வீட்டையோ பிணை வைப்பதை 'ஈடு' என்றும், நகையைப் பிணை வைப்பதை 'அடகு' என்றும் எமது மக்கள் வேறுபடுத்தியே வழங்கி வந்துள்ளனர். யாழ்ப்பாணத்தில் இவற்றுக்கு அப்பால் 'ஒற்றி' என்ற முறையும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1706 - 1707 காலப்பகுதியில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் ஒற்றிக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. ஒற்றி முறையின் கீழ் கடன் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. அதற்குப் பதிலாகக் காணியின் விளைவைத் தாமே அனுபவிக்கின்றார். பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் காணி உரியவரிடம் மீள்கின்றது.

நவீன முறையிலான ஈட்டுக் கடனுக்கென இந்நாட்டில் இலங்கை அரச ஈட்டு வங்கி 1931 இல் ஆரம்பிக்கப்பட்டது. பின்னர் அது விவசாய, கைத்தொழில் கடன் கூட்டுத்தாபனத்துடன் இணைக்கப்பட்டு, 1979 முதல் அரச ஈட்டு முதலீட்டு வங்கியாக இயங்கி வருகின்றது. இன்று அரச வங்கிகளும் தனியார் வங்கிகளும் வீடமைப்புக் கடன்களை வழங்குகின்றன. ஊழியர் சேமலாப நிதியில் உள்ள தம் மீதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக் கடன் பெறும் வசதியும் தொழிலாளருக்கு உண்டு.

ஏற்கெனவே உள்ள ஈட்டுக் கடனை அதே வங்கியிலோ வேறொரு வங்கியிலோ புதிய நிபந்தனைகளுடன் பெறும் கடனால் தீர்த்துவிட்டு, அதே ஆதனத்தைப் புதிய கடனுக்குப் பிணையாக வைப்பதே மீள் ஈடு எனப்படுவது. இதன் நோக்கம் இரண்டில் ஒன்றாக இருக்கும். வட்டியைக் குறைத்து மாதத் தவணையைச் சுருக்குவது ஒன்று. வீட்டின் பெறுமதி உயர்ந்திருப்பதைக் காட்டி மேலதிக பணம் பெறுவது மற்றையது. முதலாவது செலவைக் குறைப்பது. இரண்டாவது கடனைக் கூட்டுவது. வங்கி அலுவலரின் மேசையில் இவ்விரண்டும் ஒரே விண்ணப்பப் படிவத்தில் வந்து நிற்பதனால் பலர் இவற்றின் வேறுபாட்டை உணர்வதில்லை.

ஏறிய வட்டியும் இறங்கிய வட்டியும்

2022 ஏப்ரல் மாதத்தில் இலங்கை மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 2023 மார்ச்சில் துணைநில் வைப்பு வீதம் 15.5 சதவீதத்தையும் துணைநில் கடன் வழங்கல் வீதம் 16.5 சதவீதத்தையும் எட்டின. வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளருக்கு வழங்கும் கடன்களின் சராசரி வட்டியே 2022 இன் இறுதியில் 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பெரும்பாலான வீட்டுக் கடன்கள் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு நிலையான வட்டியிலும், அதன்பின் சந்தைக்கேற்ப மாறும் வட்டியிலும் வழங்கப்படுபவை. எனவே நிலையான காலம் முடிவடைந்தோர் அவ்வேளையில் கடும் சுமையை எதிர்கொண்டனர்.

2023 யூன் மாதத்தில் 2.5 சதவீதப் புள்ளிகளும் யூலையில் 2 சதவீதப் புள்ளிகளும் குறைக்கப்பட்டன. அதன்பின் கட்டங்கட்டமாகக் குறைப்புகள் தொடர்ந்தன. 2024 நொவெம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதம் 8 சதவீதமாக அறிமுகப்படுத்தப்பட்டது. 2025 மே மாதத்தில் அது 7.75 சதவீதமாக்கப்பட்டது. முதன்மைக் கடன்களின் சராசரி வட்டியும் 2025 நடுப்பகுதியில் 9 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. இங்கு ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். மத்திய வங்கியின் வீதம் இறங்கியவுடன் ஒவ்வொருவரின் கடன் வட்டியும் தானாக இறங்கிவிடுவதில்லை. எந்த வீதத்தைத் தழுவி வட்டி திருத்தப்படும், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை திருத்தப்படும், எந்த எல்லைக்குக் கீழே இறங்காது என்பன கடன் உடன்படிக்கையில் எழுதப்பட்டுள்ளன. கேட்காதவருக்குக் குறைத்துக் கொடுக்க வங்கிக்கு அவசரம் எதுவும் இல்லை.

ஒரு கணக்கு

ஒரு குடும்பத்துக்கு 50 இலட்சம் ரூபா கடன் மீதியும், செலுத்த 15 ஆண்டுகளும் உள்ளன என வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 22 சதவீதமாயின் மாதத் தவணை ஏறத்தாழ 95,300 ரூபா. அதே கடன் 12 சதவீதத்துக்கு மாற்றப்பட்டால் தவணை ஏறத்தாழ 60,000 ரூபாவாகும். மாதந்தோறும் 35,300 ரூபா மீதம். சாதாரண அரச ஊழியர் குடும்பம் ஒன்றுக்கு இது சிறு தொகையன்று.

இப்போது அக்குடும்பத்தின் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது வழி, மீதமாகும் 35,300 ரூபாவையும் செலவு செய்துகொண்டு 15 ஆண்டுகளும் 60,000 ரூபா வீதம் செலுத்துவது. அவ்வாறாயின் மொத்தம் ஏறத்தாழ 108 இலட்சம் ரூபா செலுத்தப்படும். இரண்டாவது வழி, வட்டி குறைந்த பின்னரும் பழைய தவணையான 95,300 ரூபாவையே தொடர்ந்து செலுத்துவது. அப்போது கடன் 15 ஆண்டுகளில் அன்றி, ஏறத்தாழ 6 ஆண்டுகளும் 3 மாதங்களும் சென்றதும் முடிந்துவிடும். செலுத்தும் மொத்தம் ஏறத்தாழ 71 இலட்சம் ரூபா மட்டுமே. மூன்றாவது வழி, மீதத்தில் பாதியைக் கடனுக்குச் செலுத்திப் பாதியைக் குடும்பத் தேவைக்கு எடுத்துக்கொள்வது. அவ்வாறு செய்தாலும் கடன் 8 ஆண்டுகளும் 8 மாதங்களும் ஆனதும் தீர்ந்துவிடும். மொத்தம் ஏறத்தாழ 80 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா.

முதலாவது வழிக்கும் இரண்டாவது வழிக்கும் இடையிலான வித்தியாசம் 37 இலட்சம் ரூபா அளவில் இருப்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். வட்டி குறைவதால் கிடைக்கும் நன்மையில் ஒரு பகுதியை வங்கி தருகின்றது; மறு பகுதி அப்பணத்தைக் குடும்பம் எவ்வாறு பயன்படுத்துகின்றது என்பதிலேயே தங்கியுள்ளது. மேலதிகமாகச் செலுத்தும் பணம் முதற்தொகையிற் கழிக்கப்படுமாறு வங்கிக்கு எழுத்தில் அறிவித்தல் அவசியம். இல்லாவிடின் அது வருங்காலத் தவணைக்கான முற்பணமாகக் கணக்கில் கிடக்க நேரிடலாம்.

மாற்றுவதற்கும் செலவு உண்டு

கடனை வேறொரு வங்கிக்கு மாற்றும்போது பழைய வங்கி முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம் அறவிடலாம். பழைய ஈட்டை நீக்கும் ஆவணம், புதிய ஈட்டு முறி, நொத்தாரிசின் கட்டணம், முத்திரைத் தீர்வை, காணிப் பதிவகச் செலவு, உரித்து ஆய்வு, மதிப்பீட்டாளரின் கட்டணம் ஆகியவற்றையும் குடும்பமே ஏற்கவேண்டும். கடன் பெற்றவர் இறந்தால் கடனைத் தீர்க்கும் காப்புறுதி முன்னர் எடுக்கப்பட்டிருந்தால் அது பழைய கடனுடன் முடிவடையக்கூடும். வயது கூடிய நிலையில் எடுக்கும் புதிய காப்புறுதிக்குக் கட்டணமும் கூடும். பழைய காப்புறுதியின் எஞ்சிய காலத்துக்கு ஏதேனும் பணம் மீளக் கிடைக்குமா எனக் கேட்டறிய வேண்டும்.

30 இலட்சம் ரூபா மீதியும் 10 ஆண்டுகளும் உள்ள கடன் ஒன்று 15 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு மாற்றப்படுகின்றது என்போம். தவணை 48,400 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 43,000 ரூபாவாகக் குறையும். மாத மீதம் 5,400 ரூபா அளவே. மாற்றுவதற்கு எல்லாமாக 1 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா செலவாயின் அச்செலவை ஈடுசெய்யவே 28 மாதங்கள் வேண்டும். அதற்கிடையில் வீட்டை விற்க எண்ணுபவரும் கடனை அடைத்துவிட எண்ணுபவரும் மாற்றாமல் இருப்பதே நன்று. இவ்வாறான வேளைகளில் தம் பழைய வங்கியிடமே சென்று, வேறு வங்கி தரும் வட்டியை எடுத்துக்காட்டிக் குறைப்புக் கேட்பது செலவற்ற வழியாகும். தவணை தவறாத வாடிக்கையாளரை இழக்க எந்த வங்கியும் எளிதில் விரும்பாது. இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தில் உள்ள தம் அறிக்கையை முற்கூட்டியே பெற்றுப் பார்த்துக்கொள்வதும் பயன் தரும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்றும் உண்டு. மேற்கூறிய அதே 30 இலட்சம் ரூபாவை 12 சதவீதத்துக்கு மாற்றும்போது காலத்தை 10 ஆண்டுகளிலிருந்து 20 ஆண்டுகளாக நீட்டினால் தவணை ஏறத்தாழ 33,000 ரூபாவாக இறங்கும். மாதம் 15,000 ரூபாவுக்கு மேல் மீதப்படுவதாகத் தோன்றும். ஆனால் பழைய கடனில் 10 ஆண்டுகளில் செலுத்தவிருந்த மொத்தம் 58 இலட்சம் ரூபா. புதிய கடனில் 20 ஆண்டுகளில் செலுத்துவது 79 இலட்சம் ரூபா. வட்டி குறைந்தும் 21 இலட்சம் ரூபா கூடுதலாகப் போகின்றது. இது சேமிப்பன்று, எதிர்காலத்திலிருந்து எடுத்த கைமாற்று. தவணையைச் செலுத்தவே இயலாத நிலையில் உள்ளவர் காலத்தை நீட்டுவதில் தவறில்லை. அவ்வாறு நீட்டுபவர் அதன் விலையை அறிந்து நீட்டவேண்டும் என்பதே எமது கருத்து.

பிறநாட்டு அனுபவம்

பிரித்தானியாவில் மீள் ஈடு என்பது குடும்ப வாழ்வின் வழமையான ஓர் அம்சம். அங்கு வட்டி பெரும்பாலும் 2 அல்லது 5 ஆண்டுகளுக்கு நிலைநிறுத்தப்படுகின்றது. அக்காலம் முடிந்ததும் வேறு உடன்பாட்டுக்கு மாறாதவர் வங்கியின் கூடிய மாறும் வட்டிக்குத் தள்ளப்படுவர். 2021 டிசெம்பரில் 0.1 சதவீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வீதம் 2023 ஓகஸ்டில் 5.25 சதவீதத்தை எட்டியது. மலிவான வட்டிக்குப் பழகியிருந்த குடும்பங்கள் அப்போது மீள் ஈடு செய்தபோது தவணை குறையவில்லை; கூடியது. 2024 ஓகஸ்டிலிருந்தே அவ்வீதம் இறங்கத் தொடங்கியது. இலண்டனில் வீடு வாங்கித் தவணை செலுத்தும் எமது உறவினர் பலர் இதில் அடங்குவர். அங்கே தவணை கூடினால் இங்கே பெற்றோருக்கும் சகோதரருக்கும் வந்து சேரும் பணம் சுருங்கக்கூடும் என்பதனால் இது எமக்கும் தொடர்பற்ற விடயமன்று.

ஐக்கிய அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை வட்டி வீதங்கள் இறங்கியபோது இலட்சக்கணக்கான குடும்பங்கள் தம் ஈட்டுக் கடன்களை மாற்றின. பலர் வீட்டின் உயர்ந்த பெறுமதியைக் காட்டி மேலதிக பணமும் பெற்றனர். பிற கடன்களைத் தீர்த்தலும் வீட்டைத் திருத்துதலும் அப்பணத்தின் பிரதான பயன்களாக இருந்தன. நுகர்வுச் செலவுகளுக்கும் ஒரு பகுதி சென்றது. ஆனால் கடன் அட்டையின் நிலுவையை வீட்டுக் கடனாக மாற்றியோரில் சிலர் அட்டையை மீண்டும் நிரப்பிக்கொண்டனர். 2006 இன் பின் வீட்டு விலைகள் சரிந்தபோது, வீட்டின் பெறுமதியைவிடக் கடன் கூடிய நிலையில் எண்ணற்ற குடும்பங்கள் அகப்பட்டன. 2008 இன் உலக நிதி நெருக்கடிக்கு அது வழிகோலியது.

அந்நெருக்கடியின் பின் வட்டி வீழ்ந்து தவணை குறைந்த அமெரிக்கக் குடும்பங்கள் மீதப் பணத்தை என்ன செய்தன என்பதை ஆராய்ந்து 2017 இல் அந்நாட்டின் முன்னணிப் பொருளியல் சஞ்சிகை ஒன்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. வாகனக் கொள்வனவு குறிப்பிடத்தக்க அளவு கூடியதாகவும், அதேவேளை குடும்பங்கள் மீதத்தின் ஒரு பகுதியைத் தாமாகவே கடனை அடைப்பதற்குப் பயன்படுத்தியதாகவும், வருமானம் குறைந்தோரே கூடிய பங்கைச் செலவிட்டதாகவும் அது காட்டியது. வருமானம் குறைந்தோர் செலவிட்டது ஊதாரித்தனத்தால் எனக் கொள்ளலாகாது. நீண்டகாலம் ஒத்திவைக்கப்பட்ட தேவைகள் அவர்களிடமே அதிகம்.

எமது குடும்பங்களின் நிலை

எமது நாட்டில் இப்பணத்துக்குக் காத்திருப்பவை பல. முதலாவது, வாழ்க்கைச் செலவு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக உயர்ந்தது. பணவீக்கம் பின்னர் தணிந்தது உண்மையே. ஆயினும் பணவீக்கம் குறைந்தது என்பதற்குப் பொருட்களின் விலை பழைய நிலைக்குத் திரும்பியது எனப் பொருளில்லை. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக்கப்பட்டது. சம்பளம் அதே அளவில் உயராத குடும்பத்தில் தவணை குறைந்ததால் வந்த பணம் அரிசிக்கும் பால்மாவுக்கும் பாடசாலை வான் கட்டணத்துக்கும் போய்விடுவதைக் குறைகூற எவராலும் முடியாது.

இரண்டாவது, பிள்ளைகளின் கல்வி. உயர்தர வகுப்புப் பிள்ளையின் தனியார் வகுப்புச் செலவும், பல்கலைக்கழக அனுமதி கிட்டாதோரின் தனியார் உயர்கல்விச் செலவும் பெற்றோரை அழுத்துகின்றன. மூன்றாவது, மகளின் வீடு. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நெடுங்கால வழமை. ஒரு வீட்டின் ஈட்டைக் கொண்டே மறு வீட்டின் அத்திவாரம் இடப்படுவதும் உண்டு. நான்காவது, அடகில் உள்ள நகை. 2022 இல் அடகு வைத்ததை மீட்க இயலாமல் வட்டியை மட்டும் கட்டி வந்தோர் அநேகர். ஐந்தாவது, வாகனம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மாதம் 35,000 ரூபா மீதமாகும் வீட்டுக்கு லீசிங் நிறுவனத்தின் விளம்பரம் தவறாமல் வந்து சேரும்.

வீட்டுக் கடனில் மீதமான பணத்தைக் கொண்டு புதிய வாகனக் கடனுக்குத் தவணை கட்டத் தொடங்குவது, ஒரு கடனை இறக்கி வைத்த தோளில் மற்றொன்றை ஏற்றிக்கொள்வதாகும். பிழைப்புக்கு உதவும் முச்சக்கர வண்டியும் பெருமைக்கு வாங்கும் காரும் ஒன்றல்ல. வருமானத்தைக் கூட்டும் கடனையும் செலவைக் கூட்டும் கடனையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எமது குடும்பங்களில் வளரவேண்டும்.

எதை முன்வைப்பது?

பொதுவான ஒரு வரிசையை இங்கு தரலாம். வீட்டுக் கடனைவிடக் கூடிய வட்டியுள்ள கடன்களை முதலில் தீர்க்கவேண்டும். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி அடகு முற்பணத்துக்கு 18 சதவீதம், வங்கி மேலதிகப் பற்றுக்கு 23 சதவீதம், கடன் அட்டைக்கு 28 சதவீதம் என உச்ச வட்டி எல்லைகளை விதித்தது. இவற்றை 12 சதவீத வீட்டுக் கடனுடன் ஒப்பிட்டாலே எதை முதலில் அடைக்கவேண்டும் என்பது தெளிவாகும். தனியாரிடம் நாளாந்த, மாதாந்த வட்டிக்கு வாங்கிய பணமும் நுண்கடனும் இவற்றுக்கும் முன்னதாகத் தீர்க்கப்படவேண்டியவை.

இரண்டாவதாக, மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்குப் போதுமான பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளவேண்டும். 2020 இன் கொவிட் முடக்கமும் 2022 இன் எரிபொருள் வரிசையும் கற்பித்த பாடம் இது. பணத்தை எங்கு வைப்பது என்பதிலும் அவதானம் தேவை. இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரையான பாதுகாப்பு 2021 இல் ஏற்படுத்தப்பட்டது. கூடிய வட்டி தருவதாகக் கூறும் அனுமதியற்ற நிறுவனங்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை.

மூன்றாவதாக, வீட்டுக் கடனின் முதற்தொகையைக் குறைப்பது. நிலையான வைப்பில் இட்டால் வட்டி வருமே எனப் பலர் எண்ணுவர். வைப்புக்கு 8 சதவீதம் வட்டி கிடைப்பின், 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதமாக்கப்பட்ட பிடித்துவைத்தல் வரி கழிந்து கையில் எஞ்சுவது 7.2 சதவீதம். 12 சதவீதக் கடனை அடைப்பதோ 12 சதவீதத்தை மிச்சப்படுத்துகின்றது. அவசர நிதி தவிர்ந்த பணத்தை வைப்பிலிட்டுக்கொண்டு கடனைத் தொடர்வது நட்டமே.

நான்காவதாக, வீட்டின் அவசியத் திருத்தம், பிள்ளையின் கல்வி, தொழிலுக்கான கருவி ஆகியன. ஒழுகும் கூரையைத் திருத்தாமல் விட்டால் பின்னர் சுவரையும் திருத்தவேண்டி வரும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் கடுமையாக உயர்த்தப்பட்ட அனுபவத்தை எண்ணினால், கூரையில் சூரிய மின்கலத் தொகுதி அமைப்பதும் கணக்கிட்டுப் பார்க்கத்தக்கதே. கொண்டாட்டமும் வாகனமும் இவற்றின் பின்னரே வரவேண்டும். குடும்பம் முழுவதும் சிக்கனத்திலேயே வாடவேண்டும் என நாம் சொல்லவில்லை. மீதத்தின் ஒரு சிறு பங்கைப் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கென ஒதுக்கும் குடும்பமே ஏனைய பங்குகளைக் கட்டுப்பாட்டுடன் பேணவும் வல்லது.

வட்டியை விலக்குவோர்

எமது முஸ்லிம் வாசகர்கள் பலருக்கு இக்கணக்கு வேறு விதமாகவே தொடங்குகின்றது. வட்டி விலக்கப்பட்டது என்ற மார்க்க நிலைப்பாட்டினால் வழமையான வீட்டுக் கடனையே அவர்கள் நாடுவதில்லை. அல்லது நிர்ப்பந்தத்தால் பெற்றுவிட்டு அதிலிருந்து விடுபட விரும்புகின்றனர். 2005 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழிசெய்தது. 2011 இல் அமானா வங்கி முழுமையான வர்த்தக வங்கியாகச் செயற்படத் தொடங்கியது. வேறு சில வங்கிகளும் தனிப் பிரிவுகளை நடத்துகின்றன.

குறைந்து செல்லும் முஷாரகா முறையில் வங்கியும் குடும்பமும் வீட்டைக் கூட்டாக உடைமையாக்கிக்கொள்கின்றன. வங்கியின் பங்குக்குக் குடும்பம் வாடகை செலுத்துவதுடன் அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்கியும் வருகின்றது. பங்கு குறையக் குறைய வாடகையும் குறையும். இம்முறையில் உள்ளோர் வாடகை எப்போது, எதனடிப்படையில் திருத்தப்படும் என்பதையும், மீதமாகும் பணத்தால் வங்கியின் பங்கை முன்கூட்டியே வாங்க இடமுண்டா என்பதையும் உடன்படிக்கையிற் பார்க்கவேண்டும். வட்டிக் கடனிலிருந்து இம்முறைக்கு மாற எண்ணுவோர் மாதத் தவணை சற்றுக் கூடினாலும் அதை ஏற்கத் தயாராக இருக்கலாம். அவர்களுக்கு இலாபம் என்பது பணத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று. நீண்டகாலக் கடன் உள்ளவர் ஸகாத்தைக் கணக்கிடும்போது எவ்வளவைக் கழிக்கலாம் என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகையால் மீதப் பணம் சேமிப்பாக வளரும்போது உலமாக்களிடம் விளக்கம் பெறுவது சிறந்தது.

கையொப்பம் யாருடையது?

வடக்கில் வீடும் காணியும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் உள்ளன. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டம் விதித்தது. கணவன் காணாமற்போனவராகவோ பிரிந்து வாழ்பவராகவோ இருப்பின் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறவேண்டியவளாகின்றாள். போரினால் தனித்துவிடப்பட்ட பெண்களுக்குக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவதும் இதனால் நீண்ட அலைச்சலாகின்றது. மறுபுறத்தில், மனைவியின் பெயரில் உள்ள வீட்டை ஈடு வைத்துப் பெற்ற பணம் எங்கே போனது என்பது மனைவிக்கே தெரியாத வீடுகளும் இல்லாமலில்லை. பெண்ணின் சொத்தே பிணையாக நிற்கும்போது, மீதப் பணத்தின் பயனைத் தீர்மானிப்பதிலும் அவளுக்கு முதற் குரல் இருக்கவேண்டும்.

தவணை தவறினால் நீதிமன்றம் செல்லாமலே ஈடு வைத்த ஆதனத்தை ஏலத்தில் விற்க 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் அளித்துள்ளது. பராட்டே எனப் பரவலாக அறியப்படும் இவ்வதிகாரம் 2024 இல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டமை, நெருக்கடியின் தாக்கம் எத்துணை ஆழமானது என்பதைக் காட்டியது. வீட்டை மீண்டும் ஈடு வைத்து மேலதிக பணம் எடுக்க எண்ணுவோர் இதனை ஒருகணமும் மறக்கலாகாது.

உறுதி இல்லாதோர்

இதுவரை நாம் கூறியவை அனைத்தும் கையில் காணி உறுதி உள்ளவர்களுக்கே பொருந்தும். வன்னியிலும் கிழக்கிலும் அரச காணியில் அனுமதிப்பத்திரத்துடன் வாழும் குடும்பங்கள் தம் காணியைத் தாம் விரும்பிய வங்கியில் ஈடு வைக்க இயலாது. மலையகத்தில் லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தோட்டத் தொழிலாளருக்கு ஈடு வைப்பதற்குச் சொந்தமாக ஓர் அடி நிலமும் இல்லை. இவர்களுக்குக் கிடைப்பது அடகும் நுண்கடனும் லீசிங்குமே. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் 2018 இல் முன்வர நேர்ந்ததற்கு அக்கடன்களின் கடும் வட்டியே காரணம்.

மத்திய வங்கி வட்டியைக் குறைக்கும்போது அதன் பயன் முதலில் சேர்வது உறுதியும் நிரந்தரச் சம்பளமும் உள்ளவர்களையே. கடைசியில் சேர்வதும், பெரும்பாலும் சேராமலே போவதும், அதிக வட்டி செலுத்தும் ஏழைகளையே. ஆதலால் காணி உரித்து வழங்கும் பணியை விரைவுபடுத்துவதும், கடனை மாற்றுவதற்கான கட்டணங்களை வங்கிகள் எளிய தமிழிலும் சிங்களத்திலும் முற்கூட்டியே அறிவிக்கச் செய்வதும், கூட்டுறவுச் சங்கங்களின் கடன் வசதிகளை வலுப்படுத்துவதும் அரசின் கடமைகளாகும்.

குடும்பங்களின் கடமை இதனின்றும் வேறுபட்டது. வட்டி இறங்கிய காலம் நிலையானதன்று. அது மீண்டும் ஏறலாம். 2022 இல் எவ்வளவு விரைவாக ஏறியது என்பதை நாம் கண்டோம். ஆகவே வட்டி குறைந்திருக்கும்போது கடன் உடன்படிக்கையை எடுத்துப் படிப்பதும், வங்கியிடம் கேட்பதும், மீதமாகும் ஒவ்வொரு ஆயிரம் ரூபாவுக்கும் கணவனும் மனைவியும் கூடியிருந்து முன்கூட்டியே ஓர் இடம் குறிப்பதும் வேண்டும். இடம் குறிக்கப்படாத பணம் மாத முடிவில் இருந்த சுவடின்றிப் போய்விடும். அது முதற்தொகையைக் கரைத்திருப்பின், மீண்டும் வட்டி உயரும் நாளில் அக்குடும்பத்தின் தோளில் இருக்கும் சுமை பாதியாகியிருக்கும்.